ஆடி மாத மண்டபத்தில் ஓவியங்கள்: ஒரு ஃப்ரேம் கடைக்காரன் பார்த்தது

கும்பகோணத்தில் ஃப்ரேம் கடை வைத்து 26 வருஷம் ஆகிறது. எல்லோரும் படத்தை முன்பக்கம் பார்ப்பார்கள். எனக்கு முதலில் கைக்கு வருவது அதன் முதுகுதான். கொக்கி எங்கே இருக்கிறது, கம்பி தொய்கிறதா, பின்பலகை பிளைவுட்டா ஹார்டுபோர்டா, கான்வாஸுக்கு ஸ்டேப்ளர் அடித்திருக்கிறதா ஆணியா என்று பார்த்துவிட்டுத்தான் திருப்புவேன். அதனால் இதைக் கலை விமர்சனம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆடியில் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடந்த ஓவியக் கண்காட்சியைப் பற்றித்தான் எழுதுகிறேன், அங்கே தொங்கிய படங்களில் 11 என் கடையில் ஃப்ரேம் போட்டவை. பாக்கிப் பணம் இன்னும் வர வேண்டியிருக்கிறது.

ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, மண்டபங்கள் எல்லாம் ஈயாடிக்கொண்டிருக்கும். இந்தக் கணக்கைப் போட்டவர்கள் நம்ம ஊர் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்து வெளியே வந்த எட்டுப் பேர். காவிரிக்கரைப் பக்கம் ஒரு மண்டபத்தை மூன்று நாளைக்குக் கால் வாடகைக்குப் பேசி எடுத்து, அவரவர் படங்களைக் கொண்டுவந்து மாட்டினார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை ஆடிப்பெருக்கு. சென்னையில் ஓவியக் கண்காட்சிக்கு வருகிற ஆட்கள் வேறு. இங்கே படித்துறையில் காதோலை கருகமணி விட்டுவிட்டு, ஈரப் புடவையோடும் சித்ரான்னத் தூக்கோடும் வந்தவர்கள் "உள்ள என்ன விசேஷம்?" என்று கேட்டுக்கொண்டே நுழைந்தார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார்கள். யாரும் விடச் சொல்லவில்லை.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன், அதுதான் என் தொழில். மண்டபத்துக்காரர் சுவரில் புது ஆணி அடிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டாராம். சரி, அது அவர் சுவர். அதற்காக, ஏற்கெனவே சாமி படத்துக்கும் நிறுவனர் போட்டோவுக்கும் அடித்திருந்த கொக்கிகளில் நைலான் கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தக் கொக்கிகள் எல்லாம் ஏழரை அடி உயரம். ஒரு படத்தை நின்று பார்க்க வேண்டுமென்றால் அதன் நடுமத்தி தரையிலிருந்து 5 அடிக்குக் கொஞ்சம் கீழே, நம் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். இங்கே எல்லாமே காலமான தாத்தா போட்டோ உயரத்தில், முன்பக்கம் குனிந்து நம்மை ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தன. மின்விசிறியைப் போட்டால் ஆடின, நிறுத்தினால் சனங்கள் வியர்த்து வெளியே போனார்கள். கண்ணாடி போட்ட படங்களில் டியூப்லைட் நீளமாகத் தெரிந்தது. வெளிச்சம் பளிச்சென்று எதிரொளிக்காத மேட் கண்ணாடி போடுங்கள் என்று நான் அப்போதே சொன்னேன், விலையைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஃப்ரேம் கட்டையின் நீளத்தில் அடிக்கு 10 ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சியவர்கள்தானே.

ஒட்டியிருந்த சீட்டுகள் பாதி ஆங்கிலம். "அன்டைட்டில்டு 3, அக்ரிலிக் ஆன் கான்வாஸ்." அதாவது, தலைப்பில்லாத படம் 3. ஆடிப்பெருக்குக்கு வந்த ஆயாவுக்கு யாரிடம் போய் அதைக் கேட்க? ஓவியர்கள் எட்டுப் பேரும் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த ஆயாவே வேறொன்று கேட்டார். விற்றுப்போன படத்தின் ஓரத்தில் சிவப்பு ஸ்டிக்கர் வட்டமாக ஒட்டுவார்கள் இல்லையா, அதைக் காட்டி, "இதுக்கு மட்டும் ஏன் பொட்டு வச்சிருக்கு?" என்றார். வித்தாச்சு ஆயா என்றேன். "அப்ப பாக்கியெல்லாம் கட்டிக்குடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார். மூன்று நாளில் மொத்தம் நான்கு பொட்டு. குறைந்த விலை 6,000, கூடுதல் 45,000. போனது எல்லாம் 10,000-க்குக் கீழே.

நான்கில் மூன்று ஜன்னலோரப் பெண்கள். இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஓவியர் இளையராஜா கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமத்துக்காரர், இங்கேயே கவின் கலை படித்தவர். 2021 ஜூனில் கொரோனாவில் போய்விட்டார். அவர் வரைந்த பெண்களைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்துக்கொண்டு வந்து ஃப்ரேம் போட்டுக் கொடுங்கள் என்று என் கடைக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கே இல்லை. போட்டோவா பெயின்டிங்கா என்று அவர்களுக்குள்ளேயே பந்தயம் நடக்கும். அவர் போன பிறகு அதே வெளிச்சம், அதே பாவாடை, அதே மரக்கதவு என்று வரைகிற பிள்ளைகள் கூடிவிட்டார்கள். இந்தக் கண்காட்சியில் இரண்டு பேர் அப்படி. கை சுத்தம், சந்தேகமே இல்லை. நூல் புடவையின் மடிப்பு தொட்டால் கசங்கும் போல இருந்தது. ஆனால் இளையராஜாவின் பெண்களைப் பார்த்தால் அந்த வீட்டில் அன்றைக்கு என்ன சமையல் என்பதுவரை தெரியும். இவர்கள் வரைந்த பெண்கள் யாரோ நிற்கச் சொன்னதால் நிற்கிறார்கள். விற்பது இதுதான், வரைகிறார்கள், அதில் தப்பு சொல்ல நான் யார்? சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் என்கிற ஓவியர் கிராமத்தை 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் மற்றவர்களும் ஆரம்பித்தபோது, பெரிய பெரிய ஓவியர்களே வயிற்றுப்பாட்டுக்கு, மெழுகு தடவிச் சாயம் ஏற்றுகிற பத்திக் துணி போட்டு விற்றார்கள். ஆனால் பத்திக்கைப் பத்திக் என்றுதான் விற்றார்கள்.

உருவம் இல்லாமல் வண்ணத்தை மட்டும் வைத்து வரைந்த அந்த அன்டைட்டில்டு வகையறாவைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லத் தெரியாது. கோடு கோடாகக் காந்தியை வரைந்த ஓவியர் ஆதிமூலமே பின்னாளில் உருவத்தை விட்டுவிட்டு வெறும் வண்ணத்துக்குப் போனவர், அதனால் வண்ணத்தை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்ல மாட்டேன். இந்த மூன்று படங்களும் என்னை நிறுத்தவில்லை, அவ்வளவுதான். கல்யாண வரவேற்பு ஓடுகிற எல்.இ.டி. திரையில் கொள்ளிடத்து மணல் லாரிகளைப் பற்றி ஒரு வீடியோ. நான் போன இரண்டு தடவையும் ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நின்று பார்த்தது மூன்று.

முதலாவது சாக்கு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ பிடிக்கிற சணல் சாக்கைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப் பழைய சாக்குகளைப் பிரித்துத் தைத்து, 8 அடிக்கு 6 அடி விரித்து, அதன் மேல் வரைந்திருந்தார் நீடாமங்கலத்துப் பக்கத்துப் பையன் ஒருவர். நெல் குவியலுக்குப் பக்கத்தில், தார்ப்பாயைப் பாதி போர்த்திக்கொண்டு ஒரு கிழவர் தூங்குகிறார். மழைக்குக் காவல். கிழவரின் முகத்துக்கும் கைக்கும் மட்டும் வெள்ளைப் பூச்சு அடித்து வண்ணம் தீட்டியிருந்தார். நெல்லை வரையவே இல்லை. சணலை அப்படியே விட்டிருந்தார், அந்த நிறமே நெல்லாகிவிட்டது. சாக்கில் இருந்த மை எழுத்தும் எண்ணும் கிழவரின் வயிற்றுக்குக் குறுக்கே ஓடின. கிட்டே போனால் நெல் வாசனை. இதற்கு ஃப்ரேம் போட முடியுமா என்று என்னிடம் கேட்டபோது வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். மேலேயும் கீழேயும் மூங்கில் கழி கோத்துத் தொங்கவிடுங்கள் போதும் என்றேன், அப்படியே செய்திருந்தார். ஒரே ஒரு பயம், நெல்லில் வருகிற அந்துப்பூச்சி. சாக்கின் தையலுக்குள் ஒன்றிரண்டு நெல் இன்னும் இருக்கிறது. ஐப்பசி ஈரத்தில் அது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியுமா என்று தெரியவில்லை.

இரண்டாவது மெழுகு. சுவாமிமலைப் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே படித்த பையன் செய்தது. விக்கிரகம் வார்க்கிற முறை இந்தப் பக்கத்தில் பலருக்கும் தெரிந்ததுதான். தேன்மெழுகும் குங்கிலியமும் காய்ச்சி முதலில் உருவத்தைச் செய்வார்கள். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிப் பூசிக் காயவைத்து, கம்பி கட்டி, நெருப்பில் காட்டுவார்கள். மெழுகு உருகி வெளியே ஓடிவிடும், அது இருந்த இடத்தில் உலோகம் போய் உட்காரும். நாம் கும்பிடுகிற ஒவ்வொரு ஐம்பொன் சாமிக்கும் முன்னால் அதே மாதிரி ஒரு மெழுகுச் சாமி இருந்து ஓடிப்போயிருக்கிறது. இந்தப் பையன் அந்த மெழுகோடு நிறுத்திவிட்டார். ஐந்து உருவம், ஒவ்வொன்றும் ஒரு முழம். சாமி கிடையாது. கேஸ் சிலிண்டரை இடுப்பில் சாய்த்துத் தூக்குகிற அம்மா, பஸ் ஸ்டாண்டில் தட்டோடு வேர்க்கடலை விற்கிறவர், டி.வி.எஸ். 50-இல் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு போகிற ஆள். உலோகம் உள்ளே இறங்குவதற்காக ஒட்டுகிற மெழுகுத் தண்டுகள் முதுகில் அப்படியே துருத்திக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், ஸ்தபதிகள் அளவெடுக்க மடிக்கிற தென்னை ஓலை நறுக்கு ஒன்று.

ஏ.சி. இல்லாத மண்டபம், ஆடி வெயில். வெள்ளிக்கிழமை பார்த்தபோது டி.வி.எஸ். 50-காரர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வலது கை கொஞ்சம் தொய்ந்து, பிடியிலிருந்து ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. தூங்கி வழிகிற ஆள் மாதிரி. வார்க்கலையா தம்பி என்று கேட்டேன். "பித்தளை விக்கிற விலைக்கு எங்கண்ணே போறது" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் இல்லாம இதான்ணே கான்செப்ட்" என்றார். முதல் பதில்தான் எனக்குப் பிடித்திருந்தது.

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போயிருப்பவர்களுக்கு ரிஷபவாகனர் என்கிற, காளையோடு நிற்கிற சிவனைத் தெரியும். திருவெண்காட்டிலிருந்து வந்தவர், 1011-ஆம் வருஷத்துச் செப்புத் திருமேனி. சடையைத் தலைப்பாகை போலச் சுற்றி, காலை மாற்றி ஊன்றி, வலது கையைக் காளை மேல் போட்டுக்கொண்டு நிற்பார். காளை இல்லை. எப்போதோ போய்விட்டது. ஆனால் அந்த மணிக்கட்டு விழுந்திருக்கிற விதத்தில் காளையின் உயரம், அதன் முதுகு, அது அசையாமல் நிற்பது எல்லாம் தெரியும். வெளியூரிலிருந்து ஓவியர்கள் கடைக்கு வந்தால் முதலில் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்புவேன். ஹேண்டில்பாரை விட்டிறங்கிய அந்த மெழுகுக் கையைப் பார்த்தபோது எனக்கு அந்த மணிக்கட்டுதான் நினைவுக்கு வந்தது. ஒப்பிட்டுவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மெழுகுக்கு வெயில் செய்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மூன்றாவதுதான் எனக்குச் சங்கடம். திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து வந்த பெண், கரியில் வரைகிறவர். அவருடைய அம்மா சூடுபடாமல் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குகிற கையை மட்டும் ஒன்பது படமாக வரைந்திருந்தார். புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்த கை, வெறும் விரல் நுனியால் தள்ளுகிற கை, சுட்டதும் காது மடலுக்குப் போகிற கை. ஒன்பதுக்கும் ஃப்ரேம் என் வேலை. கரிப் படத்துக்குக் கண்ணாடி போட்டால், கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் இடைவெளி வேண்டும். அதற்குத்தான் மவுண்ட் போர்டு என்கிற தடித்த அட்டையை வெட்டி உள்ளே வைப்பது. இதைக் கடைக்கு வேலைக்கு வரும் பையனுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுப்பேன். அந்தப் பெண் பட்ஜெட்டைச் சொன்னதும், அவசரமும் சேர்ந்து, மூன்று படத்துக்கு மவுண்ட் இல்லாமலே நானே அடைத்துவிட்டேன். கரி உதிராமல் இருக்க அடிக்கிற ஃபிக்ஸேட்டிவ் அடித்திருக்கிறாயாம்மா என்று கேட்டேன், அடித்தேன் என்றார். அது போதும் என்று நினைத்தேன்.

போதவில்லை. சனிக்கிழமை மதியம் ஏணி போட்டு ஏறி (அந்த உயரத்தை இன்னொரு தடவை திட்டிக்கொண்டேன்) கிட்டத்தில் பார்த்தால், காது மடலுக்குப் போகிற கையின் ஓரம் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. புழுக்கத்தில் தாள் உப்பிப் போய்க் கண்ணாடியைத் தொட்டிருக்கிறது. கீழே இருந்து பார்த்தவர்களுக்கு அது தெரியவில்லை. கை நடுங்குகிற மாதிரி இரட்டைக் கோடாகத் தெரிந்திருக்கிறது. ஒருவர் அதைப் பார்த்து "அசைவு நல்லா வந்திருக்கு" என்று பாராட்டிவிட்டுப் போனதாக அந்தப் பெண் சொன்னார். நான் இறங்கி, தப்பு என்னுடையது என்று சொல்லி, மூன்றையும் காசில்லாமல் மாற்றித் தருகிறேன் என்றேன்.

அடுத்த ஆடியில் திரும்ப நடத்துவார்களாம். நடத்தட்டும், நான் போவேன், நீங்களும் போங்கள். அதற்குள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பந்தல்காரரிடம் சொல்லிச் சவுக்குக் கழியில் தட்டி கட்டி, துணி போர்த்தி, அதில் கண் மட்டத்துக்கு மாட்டுங்கள். சுவரும் பிழைக்கும், ஆணிச் சண்டையும் இல்லை. சீட்டைத் தமிழில் எழுதுங்கள். ஒருவராவது டீயை முடித்துவிட்டு உள்ளே வந்து நில்லுங்கள்.

கரிப் படங்கள் மூன்றும் இப்போது என் மேசையில் இருக்கின்றன. மவுண்ட் வெட்டிப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. பழைய கண்ணாடிகளைத் துடைத்து வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். "அதத் தொடைக்காதீங்கண்ணே, அப்படியே வைங்க, எனக்கு வேணும்" என்று அந்தப் பெண் போனில் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் விரல் நுனியும் காது மடலும் மட்டும் சாம்பல் நிறத்தில் லேசாகத் தெரிகிறது. மூன்றையும் நியூஸ்பேப்பர் படாமல் நிற்கவைத்திருக்கிறேன். அதற்குத் தனியாக பில் போடவில்லை.