நெருப்பு வெளியே, வெப்பம் உள்ளே: டொல்பின் வானில் கேஸ் ஹீட்டர்

வெளியிடங்களில் குளிப்பதற்கென விற்கப்படும் சிறிய கேஸ் வோட்டர் ஹீட்டர் ஒன்றை எங்கள் டொல்பின் வானில் (டொயோட்டா ஹையேஸ் வகை வாகனம்) பொருத்தி, குளிக்க வெந்நீரும் இரவில் உள்ளே கதகதப்பும் கிடைக்கும்படி மாற்றிச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். கொழும்பு வெக்கையில் இது எதற்கு என்று கேட்பவர்கள், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஒரு தை மாத இரவைத் தகரக் கூட்டுக்குள் கழித்துப் பார்க்க வேண்டும். அந்தக் குளிரில் பிள்ளைகளையும் வயதானவர்களையும் நிம்மதியாக உறங்க வைப்பதற்காகவே இந்த வேலையில் இறங்கினேன்.

முதலில் உறுதியாகச் சொல்லவேண்டியது, ஹீட்டரை வானுக்குள் வைக்கவே கூடாது. இவ்வகை ஹீட்டர்களுக்குப் புகைபோக்கி கிடையாது. எரிந்த வாயு மேற்பகுதி வழியாக அப்படியே வெளியேறும். அதிலுள்ள காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உறங்குபவர் விழிக்கமாட்டார். ஆகவே பின்கதவுக்கு வெளியே தகரப் பெட்டி ஒன்றைச் செய்வித்து ஹீட்டரை அதனுள் வைத்தோம். பெட்டியிலிருந்து உள்ளே வருபவை இரண்டு தண்ணீர்க் குழாய்கள் மட்டுமே. அவை நுழையும் துளைகளும் இறுக அடைக்கப்பட்டுள்ளன. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால், கசிந்தால் கீழே இறங்கிப் போவதற்குப் பெட்டியின் அடித்தட்டில் துளைகள் விட்டோம். இவ்வளவும் செய்த பிறகும் படுக்கையருகே காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி ஒன்று எப்போதும் இயங்குகிறது.

குளிப்பதற்கு இந்த ஹீட்டர் தாராளமாகப் போதும். 15 பாகை தண்ணீரை நிமிடத்திற்கு 4 லீற்றர் வீதம் 40 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 7 கிலோவாட் வேண்டும். எங்கள் ஹீட்டர் 10 கிலோவாட் வரை தரும். வானைச் சூடாக்குவதில்தான் சிக்கல். அதற்கு ஒரு கிலோவாட் அளவே தேவை, ஆனால் சுடரை எவ்வளவு குறைத்தாலும் 5 கிலோவாட்டுக்குக் கீழே போகாது. நேரடியாக ரேடியேட்டருடன் இணைத்தால் தண்ணீர் சில நிமிடங்களிலேயே அளவு மீறிச் சூடாகி ஹீட்டர் அணைந்துவிடும்.

இதற்கு வழிசெய்தது, நன்றாகக் காப்புறையிட்ட 20 லீற்றர் தொட்டி ஒன்று. ஹீட்டர் தொட்டியிலுள்ள தண்ணீரை 35 பாகையிலிருந்து 55 பாகைக்குச் சூடாக்க ஆறு நிமிடத்துக்கும் குறைவாகவே எடுக்கிறது. பிறகு தெர்மோஸ்டாட் பம்பை நிறுத்த, நீரோட்டம் நின்று சுடரும் அணைகிறது. அந்தச் சூடு அரை மணிநேரமளவு ரேடியேட்டருக்குப் போதும். 20 நிமிடங்களில் தானாக அணையும் பாதுகாப்பு இவ்வகை ஹீட்டர்கள் பலவற்றில் உண்டு. அதைக் கழற்றிவிடும்படி பலர் சொன்னாலும், ஒரு தடவை எரிவதே ஆறு நிமிடத்துக்குள் முடிவதால் இந்த அமைப்பில் அதைக் கழற்றத் தேவையே இல்லை. தொட்டியை மூடி முத்திரையிடாமல், மேலே காற்றுக்குழாய் விட்டிருப்பதால் உள்ளே அழுத்தம் ஏறுவதற்கும் இடமில்லை.

ரேடியேட்டராகப் பயன்படுவது பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய கார் ஹீட்டர் உட்பகுதியும் 12 வோல்ட் காற்றாடியும். ஹீட்டர் பற்றிக்கொள்ள நிமிடத்திற்கு 2 லீற்றருக்கு மேல் நீரோட்டம் வேண்டும். சிறிய சுழல் பம்புகளால் அது இயலவில்லை. ஆகவே மென்தகடு ஒன்று முன்பின் அசைந்து நீரைத் தள்ளும் டயபிரம் பம்பைப் போட்டோம். அது ஓடும்போது தரை முழுவதும் அதிரும், ஆகவே தடித்த ரப்பர் துண்டுகளின் மேல் வைத்தோம். குளிக்கும் தண்ணீர் இந்தச் சுற்றில் கலப்பதில்லை. இரு நீரையும் கலக்கவிடாமல் மெல்லிய தட்டுகளூடாகச் சூட்டை மட்டும் கடத்தும் தட்டு வெப்பப் பரிமாற்றி ஒன்றின் வழியாகத் தனியாகச் சூடாகிறது.

மலைநாட்டில் எரிவாயுவின் போக்கு மாறும். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் நீலமாக எரிந்த சுடர் அங்கே மஞ்சள் முனை காட்டும். அதைக் கண்டதும் எரிவாயுத் திருகை நீலம் திரும்பும்வரை குறைக்கவேண்டும். சிலிண்டரிலுள்ள கலவையில் பியூட்டேன் பூச்சியம் பாகையை அண்மித்ததும் ஆவியாக மறுக்கிறது. வாயு வெளியேற வெளியேறச் சிலிண்டர் தானும் குளிர்கிறது. எனவே விரைவில் குளிர்ந்துவிடும் 2.3 கிலோ சிலிண்டரைத் தவிர்த்து 5 கிலோவையே எடுத்துச் செல்கிறோம். இடைவெளி விட்டு எரிவதால் சிலிண்டருக்கும் சூடு மீள நேரம் கிடைக்கிறது. ஓர் இரவுக்கு ஏறத்தாழ 800 கிராம் செலவாகும் என்பது என் கணக்கு, அனுபவமும் அதை ஒட்டியே இருக்கிறது.

பராமரிப்பில் யாழ்ப்பாணத் தண்ணீர்தான் அதிக வேலை வைக்கிறது. சுண்ணாம்புக்கல் நிலத்து நீர் என்பதால் பரிமாற்றியின் தட்டுகளில் வெள்ளைப் படிவு ஏறும். ஊர் போய்வந்த ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான சித்திரிக் அமிலக் கரைசலை அதனுள் ஓடவிட்டுக் கழுவுகிறேன். வெள்ளவத்தைக் கடற்காற்றில் தீப்பொறி முனையும் பற்றரிப் பெட்டியின் தகடுகளும் பச்சை பூக்கும். பர்னருக்குக் காற்றுப் போகும் துளையில் குளவி மண்கூடு கட்டும். அந்தத் துளைக்கு நுண்கம்பி வலை அடித்திருக்கிறேன். பயணம் புறப்படுமுன் டோர்ச் அடித்து வலையைப் பார்த்து, இணைப்புகளில் சவர்க்கார நுரை தடவிக் குமிழி எழவில்லை என்று உறுதிசெய்த பிறகே சிலிண்டரைத் திறப்பேன்.