சனிக்கிழமை காலை 9 மணி: பார்க்ரன் பற்றி ஒரு மதிப்புரை

இங்கிலாந்தின் பூங்காக்களில் சனிக்கிழமைதோறும் காலை 9 மணிக்கு நடக்கும் பார்க்ரன் என்ற ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. இணையத்தில் ஒருமுறை பெயரைப் பதிந்து, அதில் கிடைக்கும் பார்கோடைக் கையில் எடுத்துச் சென்றால் போதும், எந்த ஊர்ப் பூங்காவிலும் ஓடலாம், நடக்கவும் செய்யலாம். லண்டனில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள பூங்காவில் இரண்டு ஆண்டுகளாகக் கலந்துகொண்டு வருகிறேன். உடற்பயிற்சி என்ற அளவில் சொல்ல அதிகமில்லை: பாதை அளந்து குறிக்கப்பட்டிருக்கும், முடிவு அன்றே மின்னஞ்சலில் வந்துவிடும், மழைக்காலத்தில் கணுக்கால் வரை சேறு.

லண்டனின் தென்மேற்கிலுள்ள புஷி பூங்காவில் 2004 அக்டோபர் 2ஆம் நாள் பால் சின்டன்-ஹியூவிட் இதைத் தொடங்கியபோது ஓடியவர்கள் 13 பேர்தான். காயத்தால் ஓட முடியாமல் இருந்த அவருக்கு, ஓட்டக்கார நண்பர்களை வாரம் ஒருமுறை பார்ப்பதற்கும் பிறகு அவர்களோடு உட்கார்ந்து காபி குடிப்பதற்கும் ஒரு காரணம் தேவைப்பட்டது. ஆகவே, ஓட்டம் முடிந்ததும் காருக்கு விரைபவர் இந்தச் சேவையின் பாதியைத்தான் பெறுகிறார் என்பேன்.

முதல் ஆறு மாதம் நானும் அப்படித்தான் இருந்தேன். காதில் பாட்டு, கண் கைக்கடிகாரத்தில். ஒருவர் பெயரும் தெரியாது. சமூகவியலார் சமூக மூலதனம் என்று குறிப்பிடும் அறிமுகமும் நம்பிக்கையும் ஒரே பாதையில் சேர்ந்து ஓடுவதால் மட்டும் உண்டாவதில்லை. முழங்கால் வலியால் ஒரு வாரம் ஓட முடியாமல் தன்னார்வலராக நின்றபோதுதான் நிலைமை மாறியது. முடிவுக் கோட்டைக் கடந்தவர் வரிசை எண்ணுள்ள சிறு பிளாஸ்டிக் டோக்கனை வாங்கிக்கொண்டு என்னிடம் வருவார். டோக்கனையும் அவரது பார்கோடையும் அடுத்தடுத்து ஸ்கேன் செய்ய வேண்டும். வியர்வையில் நனைந்த சீட்டு வாசிக்க மறுக்கும்போது அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டே அவர் இரண்டு வார்த்தை பேசுவார், நானும் சீட்டிலுள்ள பெயரைப் படித்துவிடுவேன். அடுத்த வாரம் அந்தப் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கலாம்.

கோயிலிலும் பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளியிலும் நான் சந்திப்பவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்றவர்களே. பூங்காவில் அப்படியல்ல. ஜனவரிக் குளிரில் வீட்டு பாய்லர் நின்றுபோனபோது வந்து பார்த்தவர், என்னுடன் ஸ்கேன் செய்யும் ஓய்வுபெற்ற பிளம்பர். அவருடைய ஊரும் வயதும் தொழிலும் என்னுடையவற்றோடு எங்கும் ஒட்டுவதில்லை.

குறைகளும் உண்டு. ஆயிரம் பேருக்கு மேல் கூடும் புஷி போன்ற இடத்தில் முகம் தெரியாமலே ஆண்டுக்கணக்கில் ஓடலாம். பழக்கம் வேண்டுமென்பவர் சிறிய பூங்காவைத் தேடுவதே மேல். சனிக்கிழமை காலையில் கடை திறக்க வேண்டியவர்கள், பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்பவர்கள், பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துச் செல்பவர்கள் எனப் பலருக்கு இந்த நேரமே தடை. எங்கள் ஆட்கள் இங்கு அதிகம் தென்படாததற்கு அது ஒரு காரணமென்று நினைக்கிறேன். இலவசம் என்பதில் மட்டும் பார்க்ரன் அமைப்பினர் அசைவதில்லை. 2016இல் பிரிஸ்டலை அடுத்த லிட்டில் ஸ்டோக் பூங்காவில் உள்ளூர் மன்றம் கட்டணம் விதிக்க முடிவெடுத்தபோது, அங்கே ஓட்டத்தையே நிறுத்திவிட்டார்கள்.

புதிதாக வருபவர்கள் ஒருமுறையாவது டோக்கன் அடுக்கும் வேலைக்குப் பெயர் கொடுங்கள். ஓட்டத்துக்குப் பின் காபிக் கடை மேசையில் அத்தனை டோக்கன்களையும் கொட்டி எண் வரிசைப்படுத்துவோம். யாராவது ஒருவர் சட்டைப்பையில் போட்டபடி வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய பெரியவர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்பார்: "தம்பி, நூற்றுப் பன்னிரண்டைக் கண்டனீரோ?" மேசைக்கடியில் குனிந்து தேடும்போது எதிரே குனிந்திருப்பவர் யாரென்று பார்த்தால், அன்றுதான் முதல்முறையாக வந்தவராக இருப்பார்.