நடந்து எழுதுவதா, விரலால் எழுதுவதா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிள்ளைகள் வீட்டில் பேசுவது தமிழ், பஸ் போர்டில் பார்ப்பது மலையாளம். தமிழ் ‘ட’ நேரே இறங்கி, மூலையில் வலப்பக்கம் திரும்பும். மலையாள ‘ட’வில் மூலையே கிடையாது, வளைந்து வளைந்து போகும். இதை நாலு வயதுப் பிள்ளைக்கு எப்படிப் பிடிபட வைப்பது? எங்கள் அங்கன்வாடியில் இரண்டு வழியும் செய்து பார்த்தேன்.

ஒன்று, முற்றத்தில் சாக்பீஸால் பெரிதாக எழுத்தை வரைந்து, அதன்மேல் நடக்கவிடுவது. மூலைக்கு வந்ததும் பிள்ளை நிற்கும், காலைத் திருப்பி வைக்கும், மறுபடி நடக்கும். மூலை என்றால் என்ன என்று அந்த நிற்பில்தான் தெரிகிறது. பென்சில் பழகாத கைக்கும் இது முடியும். ஆனால் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மேலிருந்து இறங்கி வரும் பிள்ளை மூலையில் தன் இடக்கைப் பக்கம் திரும்ப வேண்டும். பலகையிலோ அது வலப்பக்கம். தொடங்கும் முனையில் சிரட்டையைக் கவிழ்த்து வைத்தேன். எங்கே தொடங்குவது என்ற குழப்பம் தீர்ந்தது, இட வலக் குழப்பம் தீரவில்லை.

இரண்டாவது, அரிசித் தட்டில் விரலால் எழுதுவது. அப்போது உடம்பு திரும்புவதில்லை. விஜயதசமிக்கு எழுத்தினிருத்து, அதாவது பிள்ளையை முதன்முதலாக அரிசியில் எழுதவைக்கும் சடங்கு, பார்த்த ஊர், பெற்றோருக்கும் இது புதிதில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியும் உப்புத்தாள் எழுத்துகளை விரலால்தான் தடவ வைத்தார். தரையில் கோடு போட்டு அவர் நடக்கவிட்டது உடம்பின் நிதானத்துக்கு. எழுத்துக்கு அரிசித் தட்டுதான் என்பேன்; நடையை அதற்கு முந்தின நாள் வைத்துக்கொள்ளலாம்.

எண்ணில் கதையே வேறு. மூன்றோடு இரண்டைக் கூட்டச் சொன்னால், எண் வரிசையில் விரல் வைத்து எண்ணும் பிள்ளை 3-ஐயே ‘ஒண்ணு’ என்று தொடங்கி 4-இல் நின்றுவிடும். பத்துக் கட்டம் வரிசையாகப் போட்டு, 3-இல் நிறுத்தி, “ரெண்டு தாவு கண்ணு” என்று சொல்லிப் பாருங்கள். நின்ற இடம் தாவல் ஆகாதே! கால் 5-இல் போய் விழும். புளியங்கொட்டையை வைத்து எத்தனையோ நாள் முயன்றும் எனக்கு இவ்வளவு தெளிவாக வரவில்லை. பாண்டிக் கட்டம் மட்டும் வேண்டாம், இரட்டைக் கட்டத்தில் வரிசை குழம்பும்.

டிவி பாட்டுக்கு ஆடவிடுவது மூன்றாவது வழி. 3, 4 வயதுக்கு நாளுக்கு 180 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2019-இல் சொன்னது. அந்தக் கணக்கில் இது சேரும், எழுத்துக் கணக்கில் சேராது. ஜூன் மழைக்கு மட்டும் போடுகிறேன்.

தாவும் கட்டங்களை வராந்தாவிலேயே பெயின்டில் போட்டுவிட்டேன். பிள்ளையின் இரண்டு பாதமும் அடங்கினால் போதும்; அகலம் கூடினால் சின்னக் காலுக்கு அடுத்த கட்டம் எட்டாது.