கோயில் நேரலைச் சாதனங்கள்: ஒரு கிராமச் சேகரத்தின் அனுபவம்

செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் இருக்கும் எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தின், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சபைத் தொகுதியின், கோயிலிலிருந்து ஞாயிறு ஆராதனையை நேரலையாக அனுப்புவதற்காக வாங்கப்பட்ட சாதனங்களைப் பற்றி எழுதுகிறேன். அவற்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும், பிறகு அவை மக்கர் செய்யும்போதெல்லாம் ஏச்சு வாங்கும் பொறுப்பும் கமிட்டியில் என்னிடமே வந்து சேர்ந்தன. கொரோனா காலம் முடிந்து வெகுநாள் ஆன பிறகும் பக்கத்துச் சேகரங்களிலிருந்து யாராவது வந்து, என்ன வாங்கலாம், எவ்வளவு ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கடைக்காரர் நீட்டும் பட்டியலை அப்படியே வாங்கிவிட வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டது. நிறுவனங்களின் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். நாங்கள் பட்ட பாட்டில் பாதி எங்கள் அறியாமையால் வந்தது.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலம் பாதியைத் தாண்டியிருந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து, வத்திக்கான் சதுக்கத்தில் போப் பிரான்சிஸ் மழையில் ஏறத்தாழத் தன்னந்தனியாக நின்று ஜெபித்த காட்சியை எங்கள் ஊரில் பார்க்காதவர்கள் குறைவு. கத்தோலிக்கர், நம்மவர் என்ற பேதமில்லாமல் எல்லாச் செல்பேசிகளுக்கும் அது வந்தது. நம் கோயிலிலும் இப்படி ஏதாவது செய்யலாமே என்ற பேச்சு அப்போது தொடங்கியது. ஏப்ரல் 5 அன்று, எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து முதன்முறையாக, குருத்தோலை பவனி போகாத ஞாயிறாக, ஐயரவர்கள் (எங்கள் குருவானவர்), அவருக்குத் துணையாகச் சபையைக் கவனிக்கும் உபதேசியார், கோயில் பணியாளரான கோயில் குட்டியார், நான் என்று நால்வர் மட்டும் உள்ளே நின்றோம். வேதபாடம் வாசிக்கும் மேசையில் என் செல்பேசியைத் துண்டால் கட்டி நிறுத்தி ஆராதனையைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். அன்றைக்கு அதுவே பெரிய காரியம். முறையான சாதனங்களை வாங்கியது, 2021 ஏப்ரல் 26 அன்று வழிபாட்டுத் தலங்கள் இரண்டாம் முறையாக மூடப்பட்ட பிறகுதான்: ஒரு கேமரா, அதன் படத்தை மடிக்கணினிக்குள் கொண்டுவரும் கேப்சர் கார்டு, இரண்டு கண்டென்சர் மைக், ஒரு 4ஜி ரூட்டர். மடிக்கணினி சேகர அலுவலகத்தின் பழையது. வயர்கள் உட்பட 61,400 ரூபாய் ஆயிற்று.

முதலில் ஒலியைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் கேமராவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எங்கள் கோயில் சுண்ணாம்புக் காரைச் சுவர்களும் உயர்ந்த கூரையும் கொண்ட பழைய கட்டடம். உள்ளே யாராவது தும்மினால் அது பீடம் வரை போய்த் திரும்பி வரும். ஆரம்பத்தில் கேமராவிலேயே இருக்கும் மைக்கை நம்பியதால் பிரசங்கம் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டது. அதைச் சரிசெய்ய, ஒலிபெருக்கி மிக்சரிலிருந்து ஒரு வயரை நேராக மடிக்கணினிக்கு இழுத்தோம். ஐயரவர்களின் குரல் கண்ணாடிபோலத் தெளிந்தது. ஆனால் சபையார் பாடுவது எந்த மைக்கிலும் விழாததால், வெளியூரில் இருந்து பார்ப்பவர்களுக்கு அவர் தனியாகப் பாமாலை பாடி, ஜெபத்தின் முடிவில் தமக்குத் தாமே ஆமென் சொல்லிக்கொள்வதுபோல் கேட்டது. மும்பையிலிருந்து ஒரு தங்கச்சி அழைத்து, “கோயில்ல ஆளே இல்லையா அண்ணாச்சி, எல்லாரும் போயிட்டாங்களா?” என்று கலக்கத்தோடு கேட்டாள். அந்த ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது.

இதற்குத் தீர்வு அந்தக் கண்டென்சர் மைக்குகளை எங்கே தொங்கவிடுவது என்பதில்தான் இருந்தது. பீடத்தருகே வைத்திருந்தவற்றைக் கழற்றி, மூன்றாம் தூணுக்கு மேலே ஏறத்தாழப் பத்தடி உயரத்தில், பிரசங்க பீடத்தைப் பார்க்காமல் சபையைப் பார்க்கும்படி மாட்டினோம். பிரசங்கத்தின்போது அவற்றின் அளவைக் குறைத்து, பாட்டுக்கும், சபையார் சேர்ந்து சொல்லும் மறுமொழிகளுக்கும் கூட்ட வேண்டும். அதற்கென்று ஒருவர் மிக்சரின் அருகிலேயே உட்கார வேண்டும். பதினோராம் வகுப்பு படிக்கும் ஒரு பிள்ளை ஆராதனைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த மறுமொழி வருவதற்கு ஒரு வரி முன்னாலேயே குமிழைத் திருப்பும் அழகை நான் கேமராக் கலைஞர்கள் யாரிடமும் பார்த்ததில்லை. அந்த மாற்றத்துக்குப் பின் வந்த முதல் ஞாயிறு, சார்ஜாவில் வேலை செய்யும் ஒரு தம்பியிடமிருந்து குரல்செய்தி வந்தது. கீர்த்தனையை எப்போதும் அரைத் தாளம் பின்தங்கியே பாடும் ஒரு பெரியவர் எங்கள் சபையில் உண்டு. பாடகர் குழு அவரோடு போராடித் தோற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. அந்தக் குரல் காதில் விழுந்தபோதுதான் ஊரில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது என்று அவன் சொன்னான். ஐக்கிய அரபு அமீரகத்தில் வார விடுமுறை 2022 ஜனவரியில்தான் சனி, ஞாயிறுக்கு மாறியது. அதுவரை ஞாயிறு வேலைநாள் என்பதால், எங்கள் எட்டரை மணி ஆராதனை அங்கே காலை ஏழு மணிக்குக் கம்பெனிப் பேருந்துக்குள் காதுக்குழலில் போய்க்கொண்டிருந்தது. அப்படிக் கேட்டவனுக்குப் படம் எதற்கு?

இணைய வேகத்தைப் பற்றிக் கடைக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் பதிவிறக்க வேகம். நமக்கு வேண்டியது பதிவேற்ற வேகம். ஓரளவு தெளிவான 720 தரப் படத்துக்குச் சீராக மூன்று எம்பிபிஎஸ்ஸாவது மேலே போக வேண்டும். ஊரில் எல்லோரும் வீட்டிலிருக்கும் நேரத்தில் 4ஜி ரூட்டர் அதைத் தரவில்லை. கம்பிவழி இணைப்பு வந்த பிறகே படம் நின்று நின்று போவது ஒழிந்தது. அனுப்பும் எங்களைவிடப் பார்ப்பவர்களின் செலவுதான் முதலில் எங்களுக்கு உறைக்காமல் போயிற்று. பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி தியானம் பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளின் பேரில் நடக்கும். நாளுக்கு ஒன்றரை ஜிபி திட்டம் வைத்திருந்த பல வீடுகளில், கைவிடப்பட்டவரின் கூக்குரலாகிய நான்காம் வார்த்தை வரும்போது டேட்டா தீர்ந்து திரை சுற்றத் தொடங்கிவிட்டது. அதன்பின் 480 தரத்துக்கு இறக்கினோம். ஒருவரும் குறை சொல்லவில்லை. கோயிலுக்குப் பின்வீட்டுப் பாட்டி ஒருவர் மட்டும், மணியும் ஆமெனும் ஜன்னல் வழியாக ஒருமுறை, அரை நிமிடம் கழித்துப் பேரனின் செல்பேசியில் இன்னொருமுறை கேட்பதாகச் சொன்னார். நேரலைத் தாமதத்தை விளக்க முயன்றேன். இரண்டு தடவை கேட்டால் இரட்டிப்பு ஆசீர்வாதம் என்று அவரே முடித்துவிட்டார்.

பதிப்புரிமைத் தொல்லை ஒன்றும் உண்டு. நூறு வருடத்துக்கு மேல் பழைய பாமாலை மெட்டை எங்கள் சபையார் சொந்தத் தொண்டையில் பாடியதற்கு, வேறு யாரோ பதிவு செய்த அதே மெட்டின் பெயரால் காணொளித் தளத்தின் தானியங்கி எச்சரிக்கை இருமுறை வந்தது. மறுப்பு எழுதினால் சில நாட்களில் நீங்கிவிடுகிறது. எழுத ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

இனி, 61,400 ரூபாயையும் வெட்கப்படுத்திய ஒரு சாதனத்தைப் பற்றிச் சொல்கிறேன். சபையின் வயதானவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பது பட்டன் செல்பேசி. அவர்களுக்கு நேரலை என்பது மகனோ பேத்தியோ வீட்டில் இருக்கும் நாளில் மட்டும் கிடைக்கும் பொருள். இதைக் கவனித்தவர் உபதேசியார். சாதாரண செல்பேசியிலேயே ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது அடுத்தவரை அழைத்து இணைத்துக்கொண்டே போகலாம். ஐந்து பேர் வரை சேரும். அவர் ஞாயிறுதோறும் இரண்டாம் மணி அடிப்பதற்கு முன்பே ஐந்து வீடுகளை இணைத்து, தம் செல்பேசியைப் பிரசங்க பீடத்தின் ஒலிபெருக்கிப் பெட்டிக்கருகே சாய்த்து வைத்துவிடுவார். ரீசார்ஜ் தவிர வேறு செலவில்லை. ஒலி சுமார்தான். ஒரு வீட்டுக் குக்கர் விசில் மற்ற நான்கு வீடுகளிலும் அடிக்கும்; சேவல் கூவினால் எந்தப் பாட்டி வீட்டுச் சேவல் என்று வாக்குவாதம் நடக்கும். ஆசீர்வாதம் கூறி முடிந்ததும் அழைப்பை அவர் உடனே துண்டிப்பதில்லை. ஐந்து பேரும் பத்து நிமிடம் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள், மழை, முழங்கால், யார் வீட்டில் கல்யாணம் என்று.

ஒரு ஞாயிறு ஐந்தில் ஓர் எண் எடுக்கப்படவில்லை. மூன்று முறை அழைத்துப் பார்த்துவிட்டு உபதேசியார் முதல் பாட்டு முடிவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்; பாட்டி அடுக்களையில் விழுந்து எழ முடியாமல் கிடந்தார். நேரலையில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை திரையின் கீழே ஓடிக்கொண்டே இருக்கும், கமிட்டிக் கூட்டங்களில் அதை நாங்கள் பெருமையாக வாசிப்பதும் உண்டு. யார் வரவில்லை என்பதை அது ஒருநாளும் சொன்னதில்லை. இந்த வட்டாரத்துச் சபைகளுக்கு நிச்சயமற்ற காலம் புதிதல்ல; துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்குப் புகலிடமாக முதலூர் என்ற கிராமம் 1799-இல் உருவானது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தையும் இந்தச் சபைகள் கடந்து வந்திருக்கின்றன. அந்நாட்களில் ஊர் ஊராக, வீடு வீடாக நடந்து ஆளை எண்ணிப் பார்த்த வேலையில் பெரும்பங்கு உபதேசிமார்களுடையது. எங்கள் உபதேசியார் பட்டன் செல்பேசியில் செய்வதும் அதே வேலைதான் என்று நான் எண்ணுகிறேன், அவர் அப்படியெல்லாம் பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டார்.

நற்கருணையை எந்தச் சாதனத்திலும் அனுப்ப முடியாது என்பதில் எங்கள் கமிட்டிக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. வீட்டில் அவரவர் ரொட்டியும் திராட்சரசமும் வைத்துக்கொண்டு திரைக்கு முன் பங்கெடுக்கலாமே என்று வெளியூரிலிருந்து சிலர் கேட்டபோதுதான் பேச வேண்டி வந்தது. வேதவாசிப்பு, பிரசங்கம், பரிந்துரை ஜெபங்கள் முடிந்ததும் நேரலையை நிறுத்திவிடுவது என்றும், மாதத்தின் முதல் ஞாயிறு பிற்பகலில் ஐயரவர்கள் படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்கு நற்கருணையைக் கொண்டுபோவது என்றும் முடிவாயிற்று. நடக்க முடிந்தும் வீட்டு நாற்காலியிலேயே தங்கிவிட்ட சிலர் முதல் ஞாயிறுகளில் கோயிலுக்குத் திரும்பினார்கள். மற்ற ஞாயிறுகளில் இன்னும் திரும்பவில்லை. இதை நேரலையின் குறையாகவே பதிவு செய்கிறேன். கட்டிலில் கிடப்பவருக்கு ஊன்றுகோலாக வாங்கியது, நன்றாக நடப்பவரின் கையிலும் போய்ச் சேர்ந்துவிட்டது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையின்போது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது, இந்தச் சாதனங்கள் எல்லாம் ஒரே அடியில் ஊமையாயின. 17 ஞாயிறு; பிரசங்கத்தின் நடுவில் மின்சாரம் போனது, சற்று நேரத்தில் இணையமும் செல்பேசிக் கோபுரமும் போயின. நான் புகழ்ந்த ஐந்து பேர் அழைப்பும் அதோடு சரி. எங்கள் கோயில் மேட்டில் இருப்பதால் தாழ்வான தெருக்களிலிருந்து எல்லா மதத்தாரும் கோயில் கூடத்துக்கு வந்து தங்கினார்கள். பெண்கள் ஒவ்வொரு வேளைச் சமையலிலும் ஒரு பிடி எடுத்து வைத்துச் சேர்த்திருந்த பிடி அரிசிக் காணிக்கை முதல் இரண்டு நாள் கஞ்சிக்குப் போதுமானதாக இருந்தது. நேரலை தடைபடக்கூடாது என்று அந்த ஆண்டுதான் தனியாக ஓர் இன்வெர்ட்டர் வாங்கியிருந்தோம், வீண்செலவு என்று நானே எதிர்த்தேன். கோபுரம் உயிர்பெற்ற அன்று கூடத்தில் இருந்தவர்கள் வரிசையில் நின்று செல்பேசிகளுக்குச் சார்ஜ் ஏற்றி, வெளியூரில் தவித்த பிள்ளைகளுக்கு உயிரோடிருக்கும் செய்தியைச் சொன்னது அதிலிருந்துதான். அந்த வருடக் கிறிஸ்துமஸ் ஆராதனை நேரலையில் போகவில்லை.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், புதிதாக வாங்க நினைக்கும் சேகரத்துக்கு நான் பரிந்துரைக்கும் வரிசை வேறு. முதலில் சபையைப் பார்க்கும்படி மாட்டிய இரண்டு நல்ல மைக்கும் அவற்றைக் கவனிக்கும் ஒரு பிள்ளையும், அடுத்து கம்பிவழி இணைய இணைப்பு, மூன்றாவது இன்வெர்ட்டர். கேமராவுக்கு, யாராவது பழையதாகத் தரும் ஒரு செல்பேசியே போதும். இரண்டாவது கேமரா, சுழலும் தாங்கி, திரையில் வசனம் ஓடவிடும் மென்பொருள் ஆகியவற்றைக் கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடியில் தந்தாலும் வேண்டாம் என்பேன்.

எங்கள் வரவுசெலவுத் திட்டத்தில் இரண்டாம் கேமராவுக்கென்று ஒதுக்கியிருந்த தொகையைச் சென்ற மாதம் கமிட்டி மாற்றி எழுதியது. மூன்று பட்டன் செல்பேசிகள், அவற்றுக்கு ஓராண்டு ரீசார்ஜ், மீதியில் உபதேசியாரின் சைக்கிளுக்குப் புது டயர். ஞாயிறு காலை இப்போது இருபது வீடுகளை அழைக்க வேண்டியிருப்பதால், முதல் மணிக்கு முன்னால் வந்து அவருக்கு உதவ வாலிபர் சங்கத்திலிருந்து மூவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் ஏற்கெனவே தாமதமாக வரத் தொடங்கிவிட்டார்.