நைட்ரஜன் வளையங்களை டிஜிஏ–டிஎஸ்சி கருவியில் சூடாக்கிப் பார்த்த அனுபவம்

எடை இழப்பையும் வெப்ப மாற்றத்தையும் ஒருசேர அளக்கும் டிஜிஏ–டிஎஸ்சி கருவியில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நான் ஆராய்பவை பெரும்பாலும் ட்ரையசோல், டெட்ரசோல், மெலமின் போன்ற நைட்ரஜன் மிகுந்த பல்லினவளையச் சேர்மங்கள், அதாவது கார்பனோடு வேறு அணுக்களும் சேர்ந்து வளையமாக அமைந்தவை. இவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை நான் கண்டதில்லை.

காரணம் வேதியியலிலேயே இருக்கிறது. நைட்ரஜன்–நைட்ரஜன் ஒற்றைப் பிணைப்பின் ஆற்றல் மோலுக்குச் சுமார் 160 கிலோஜூல். நைட்ரஜன் மூலக்கூறின் முப்பிணைப்புக்கோ 945. வளையம் உடைந்து நைட்ரஜன் வாயுவாகப் பிரியும்போது பெரும் வெப்பம் வெளிப்படுகிறது. எடையில் 80 விழுக்காடு நைட்ரஜனான டெட்ரசோலின் வரைபடத்தில் அந்த வெப்பத்தைக் காட்டும் உச்சி ஊசிபோல் எழும். மூன்று நைட்ரஜன் அணுக்கள் வரிசையாக நிற்கும் 1,2,3-ட்ரையசோலைவிட 1,2,4-ட்ரையசோல் வெப்பத்தை நன்றாகத் தாங்குகிறது. திறந்த கிண்ணத்தில் வைத்தால் 1,2,4-ட்ரையசோலின் எடை முழுவதும் குறைந்துவிடும். எடைக் கோட்டை மட்டும் பார்ப்பவர் சிதைந்துவிட்டது என்பார். வெப்பக் கோடு கீழிறங்கி, வெப்பம் வெளிப்படவில்லை, உறிஞ்சப்படுகிறது, ஆகவே அது ஆவியாதல் என்று காட்டிக்கொடுக்கும். இரண்டு கோடுகளும் ஒரே மாதிரியிலிருந்து கிடைப்பதன் அருமை இங்கேதான் தெரியும்.

மெலமினும் அப்படித்தான். திறந்த கிண்ணத்தில் பதங்கமாகி, வெளியேறும் குழாயின் குளிர்ந்த பகுதியில் வெண்படிவாக ஒட்டிக்கொள்கிறது. சுத்தம் செய்வது பெரும் தொல்லை. மூடியிட்டால் அம்மோனியாவை இழந்து மெலம், மெலெம் என்று படிப்படியாகச் செறிந்து, 500 பாகைக்கு மேல் மஞ்சள் நிறக் கார்பன் நைட்ரைடாகிறது. மூடி ஒன்று மாறினால் முடிவே மாறிவிடுகிறது!

ஆகவே "இந்தச் சேர்மம் இத்தனை பாகையில் சிதையும்" என்று ஒற்றை எண்ணை மட்டும் எழுதும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. சூடாக்கும் வேகத்தைக் கூட்டினால் உச்சி உயர் வெப்பநிலைக்கு நகரும். அந்த நகர்வைக் கொண்டே 1957-இல் கிஸ்ஸிஞ்சர் என்ற ஆய்வாளர் கிளர்வுறு ஆற்றலை, அதாவது வினை நிகழக் கடக்க வேண்டிய ஆற்றல் தடையை, கணிக்கும் முறையைத் தந்தார். ஒரே படியில் நிகழும் சிதைவுக்கு அது நன்றாகப் பொருந்தும். படிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அந்த ஒற்றை மதிப்புக்குப் பொருளில்லை. மாதிரியின் அளவும் முக்கியம். டெட்ரசோல்களை ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகவே வைக்கிறேன். கூடினால் மாதிரி தன் வெப்பத்தாலேயே சூடேறி வரைபடத்தைக் கெடுக்கும், கருவிக்கும் ஆபத்து.

வாங்க நினைப்பவர்கள் ஆர்கான் இணைப்பையும், வெளிவரும் வாயுக்களை நிறையால் இனங்காணும் நிறை நிறமாலைமானியையும் சேர்த்தே கேளுங்கள். நைட்ரஜனைச் சூழல் வாயுவாக ஓட்டினால், சேர்மத்திலிருந்து வரும் நைட்ரஜன் அதற்குள் மறைந்துவிடும். அகச்சிவப்புக் கருவி அம்மோனியாவை நன்றாகக் காட்டும். நைட்ரஜன் மூலக்கூறு அதன் கண்ணில் படாது. நிறை நிறமாலைமானியில் நைட்ரஜன் தெரியும் நிறை எண் 28-இல் கார்பன் மோனாக்சைடும் வந்து நிற்கும் என்பதால், ஆக்சிஜன் உள்ள சேர்மங்களில் அந்த ஒரு கோட்டை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.