இருபது ஆண்டுகளாகத் திருத்தி எழுதும் என் ஆல்பம் வரிசை

எனக்குப் பிடித்த பாப், ராக் ஆல்பங்களை வரிசைப்படுத்தி ஒரு நோட்டில் எழுதத் தொடங்கி இருபது ஆண்டுகள் ஆகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வோர் ஆல்பத்தையும் முதல் பாடல் முதல் கடைசிப் பாடல் வரை, ஒரே மூச்சில், வரிசை கலைக்காமல் கேட்ட பிறகே இடங்களை மாற்றுவேன். ஒரு பாடல் எவ்வளவு பிடிக்கிறது என்பது வேறு, அந்த ஆல்பத்தை மீண்டும் முழுமையாகக் கேட்கத் தோன்றுகிறதா என்பது வேறு. என் வரிசை அளப்பது இரண்டாவதைத்தான்.

இன்று முதலிடத்தில் இருப்பது ஜோனி மிட்செலின் 'ப்ளூ' (1971). முதல் பட்டியலில் இதற்கு இடமே இல்லை. ஒரு குரலும், கிட்டார், பியானோ, டல்சிமர் போன்ற சில கருவிகளும் மட்டுமே பெரும்பாலும் ஒலிப்பதால், இளம் வயதில் எனக்கு இது வெறுமையாகப் பட்டது. சிறுவயதில் போலியோவால் இடக்கை வலுவிழந்த மிட்செல், கிட்டார் தந்திகளைத் தமக்கேற்றபடி வேறு சுருதிகளில் கூட்டி வாசித்தார். அடுத்து வரப்போகும் கார்டு (ஒருசேர ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) எது என்று இன்றும் என் காதால் ஊகிக்க முடிவதில்லை. இத்தனை ஆண்டுகளில் இது அலுக்காததற்கு அதுவே காரணம் என்று நம்புகிறேன்.

இரண்டாம் இடம் பீட்டில்ஸின் 'ஏபி ரோடு' (1969). இந்த ஆல்பத்துக்கு நான் நெடுங்காலம் அநீதி செய்துவிட்டேன். அப்போது என்னிடமிருந்த பிளேயர் ஒவ்வொரு பாடலுக்கும் இடையில் அரை விநாடி மௌனத்தைச் செருகிவிடும். இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் ஒன்றோடொன்று பிணைந்து ஓடும் சிறு பாடல்களின் தொடர் எனக்குத் துண்டு துண்டாகவே கேட்டது. இடைவெளியின்றி ஒலிக்கும் வேறு கருவிக்கு மாறிய அன்று இது ஏழாம் இடத்திலிருந்து ஒரே தாவலில் மேலே வந்தது. இதன் முடிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்து சுமார் 14 விநாடி மௌனம். பிறகு திடீரென ஓங்கி ஒலிக்கும் ஒரு கார்டுடன், அரை நிமிடம்கூட நீளாத 'ஹெர் மெஜஸ்டி' வருகிறது. தொடரின் நடுவிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட பாடல் அது. அந்தக் கார்டு உண்மையில் அதற்கு முன்பிருந்த பாடலின் கடைசி ஒலி. வெட்டியதை வீசியெறிய மனமில்லாத ஒலிப்பதிவு உதவியாளர் நாடாவின் முடிவில் ஒட்டிவைக்க, அது அங்கேயே நிலைத்துவிட்டது.

பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' (1966) மூன்றாம் இடம். அந்தக் குழுவின் பிரையன் வில்சனுக்கு வலது காது ஏறக்குறைய கேட்காமலே இருந்தது. அவர் எல்லா ஒலிகளும் ஒரே தடத்தில் சேரும் மோனோவிலேயே இதைக் கலவை செய்தார். 1997இல் வெளியான, ஒலிகளை இடம் வலமாகப் பிரிக்கும் ஸ்டீரியோ கலவையில் குரல்கள் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும் என்றாலும், ஆண்டுதோறும் நான் எடுப்பது மோனோவைத்தான். குரல்களும் சைக்கிள் மணியும் ஒரே திரளாக வந்து சேரும்போதுதான் அந்த ஏக்கம் முழுமையாகிறது.

மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' (1982) ஐந்தாம் இடத்தை விட்டு நகர்வதே இல்லை. அதன் ஒன்பது பாடல்களையும் தனித்தனியாகக் கேட்பதே எனக்குப் பிடித்திருக்கிறது.

முதல் பட்டியலில் முதலிடம் பெற்றிருந்த பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) இப்போது நான்காம் இடத்தில் இருக்கிறது. அதில் குறை எதையும் நான் காணவில்லை. ஆனால், தொடக்கத்தில் கேட்ட அதே இதயத்துடிப்பு இறுதியில் மெல்ல அடங்கியதும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்துவிடுகிறேன். 'ப்ளூ' முடிந்தால் மட்டும் இன்னும் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.