கூரைத் தகடு: ஸ்க்ரூ போடுவதா, கிளிப்பில் பூட்டுவதா?

உலோகக் கூரைத் தகடுகளைப் பர்லினில், அதாவது கூரையைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில், பொருத்தும்போது, தகட்டைத் துளைத்து ரப்பர் வாஷர் கோத்த ஸ்க்ரூவை நேரடியாக இறக்கலாம். அல்லது கிளிப்புகளை மட்டும் பர்லினில் ஸ்க்ரூ போட்டு நிறுத்தி, அவற்றின்மேல் தகட்டைப் பூட்டலாம்.

கிளிப் முறை தகட்டின் வளைந்துகொடுக்கும் தன்மையை நம்பியது. சுமார் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகட்டின் மேட்டு வரியைக் கிளிப்புக்கு நேர் மேலே காலால் மிதித்தால், வரியின் பக்கங்கள் சற்று விரிந்து, கிளிப்பின் விளிம்பைத் தாண்டியதும் மீண்டும் குறுகி இறுகப் பற்றிக்கொள்ளும். 'டக்' என்ற ஓசை கேட்கவில்லையென்றால் அந்த இடம் பூட்டவில்லை என்றே கொள்ள வேண்டும்.

நீளமான கூரைகளில் இம்முறையே மேல். இரவுக்கும் உச்சிவெயிலுக்கும் இடையே தகட்டின் வெப்பம் 40 டிகிரி மாறினால், 12 மீட்டர் எஃகுத் தகடு ஏறத்தாழ 6 மில்லிமீட்டரும் அலுமினியத் தகடு 11 மில்லிமீட்டரும் நீளும். ஸ்க்ரூ அடித்த தகட்டில் இந்த அசைவு நாளடைவில் துளைகளைப் பெரிதாக்கி, வாஷர் காய்ந்த இடங்களில் ஒழுக்கைத் தொடங்கிவைக்கும். பிறகு ஆண்டுதோறும் சிலிகான் பூசும் வேலைதான். கிளிப்பிலோ தகடு வழுக்கி நகரும். ஆயினும் ஓரிடத்திலாவது அதை அசையாமல் நிறுத்தாவிட்டால் சரிவை நோக்கி மெல்ல இறங்கிவிடும்.

காற்று என்று வந்தால் தீர்ப்பு அவ்வளவு எளிதன்று. 1974 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைத் தாக்கிய டிரேசி புயலில், ஓயாமல் ஏறியிறங்கிய காற்றழுத்தத்தால் ஆணிகளையும் ஸ்க்ரூக்களையும் சுற்றித் தகடுகள் விரிசல்விட்டுக் கிழிந்தன. கிளிப்பில் பூட்டிய தகட்டுக்கு இந்தக் கிழிசல் நேராது என்றாலும், மேல்நோக்கிய உறிஞ்சலில் அது புடைக்கும்போது வரிகள் விரிந்து கிளிப்பிலிருந்தே கழன்றுவிடக்கூடும். ஆகவே, உறிஞ்சல் கடுமையாக இருக்கும் ஓரங்களிலும் மூலைகளிலும் பர்லின்களை நெருக்கிவைப்பது அவசியம். கடலோரத்தில் இதில் சிக்கனம் கூடாது.

நான்கைந்து மீட்டர் நீளமுள்ள கார் நிறுத்துமிடத்துக்கோ மாடிக் கொட்டகைக்கோ ஸ்க்ரூவே போதும். செலவு குறைவு, பழுதான ஒரு தகட்டை மட்டும் கழற்றி மாற்றவும் முடியும். கிளிப்பில் அது எளிதன்று, ஒரு பக்கத்திலிருந்து வரிசையாகக் கழற்றி வர நேரலாம். சேமிப்புக்கிடங்கு போன்ற நீண்ட, சரிவு குறைந்த கூரைக்குக் கிளிப்பின் கூடுதல் விலை தகும். ஆனால் ஒரு நிறுவனத்தின் தகட்டுக்கு வேறொன்றின் கிளிப்பைப் போடச் சம்மதிக்கவே கூடாது, ஏனெனில் அளவு இம்மி பிசகினாலும் பிடி தளர்ந்துவிடும்.